ஈரம் ஓரத்தில்தான் நுழைகிறது: குழந்தைகளின் பிப் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கைக்குழந்தையின் நெஞ்சைப் பற்றியவை. ஜொள்ளு, கக்கிய பால், சிந்திய சாப்பாடு என எதுவும் சட்டைக்குள் இறங்காமல் இருக்க என்ன தைக்கலாம், எப்படித் தைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்காகக் கழுத்தில் கட்டி நெஞ்சை மூடும் துணிதான் பிப். வீட்டில் தைப்பவர்களும் விற்பனைக்குத் தைப்பவர்களும் எழுதியிருப்பதால் அளவுகளோடு பதில் சொல்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 5 மாதம். பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சுள்ள ‘வாட்டர்ப்ரூஃப்’ பிப்தான் போடுகிறேன். இருந்தும் அரை மணி நேரத்தில் உள்ளே சட்டை நனைந்துவிடுகிறது. பூச்சு சரியில்லையா?

முதலில் சட்டையில் ஈரம் எந்த வடிவத்தில் படிந்திருக்கிறது என்று பாருங்கள். பதில் அங்கேயே இருக்கிறது.

நெஞ்சின் நடுவில் திட்டாக இருந்தால் பூச்சில் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது ஊசித் துளை இருக்கிறது. பிப்பின் விளிம்பு எங்கே முடிகிறதோ அந்தக் கோட்டிலேயே வில்போல வளைந்திருந்தால் ஈரம் ஓரத்தின் வழியே வந்திருக்கிறது. கழுத்துப் பட்டியும் அதற்குக் கீழே இரண்டு விரற்கடையும் மட்டும் நனைந்திருந்தால் பிப்பின் கழுத்து தளர்வு. ஜொள்ளு பிப்பின் மேல் விழாமல் நேராக உள்ளே இறங்குகிறது.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இரண்டாவது. பருத்தி நூல்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல இழுக்கும். முன்துணி ஓரத்தைச் சுற்றிப் பின்னால் 2 மில்லிமீட்டர் மடிந்திருந்தாலே போதும், அந்த மடிப்பு சட்டையைத் தொட்டுக்கொண்டே ஈரத்தைக் கடத்திவிடும். ஓரத்தைச் சுற்றிப் பருத்தி கிராஸ் பட்டி (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி) வைத்துத் தைத்த பிப்பில் இது இன்னும் மோசம். பார்க்க அழகாக இருக்கும் அந்தப் பட்டிதான் திரி.

பூச்சைச் சோதிக்க ஒரு வழி. பிப்பை டிஷ்யூ தாளின் மேல் விரித்து, மருந்து சிரிஞ்சால் 10 மி.லி. தண்ணீரை நடுவில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மேலே அரை கிலோ எடை வைத்து 5 நிமிடம் காத்திருங்கள். நடுவில் தாள் காய்ந்திருந்தால் பூச்சு நன்றாக இருக்கிறது. பிறகு அதே தண்ணீரை ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே விட்டுப் பாருங்கள். பல பிப்கள் இந்த இரண்டாவது சோதனையில்தான் தோற்கின்றன.

கேள்வி: எத்தனை அடுக்கு வேண்டும்? எந்தத் துணி எங்கே?

மூன்று அடுக்கு, மூன்று வேலை. மேலடுக்கு ஈரத்தை உடனே உள்ளே விட வேண்டும், தோலையும் உரசக் கூடாது. சதுர மீட்டருக்கு 180 முதல் 220 கிராம் எடையுள்ள பருத்தி இன்டர்லாக் பனியன் துணி நல்லது. வெயில் காலத்தில் இரட்டை மஸ்லின் போடலாம்.

நடுவடுக்கு ஈரத்தைப் பிடித்துவைப்பது. 250 முதல் 320 கிராம் பருத்தி டர்க்கித் துணி (குளியல் துண்டுத் துணி) போதும். அதற்கு மேல் கனமானால் முகவாய்க்குக் கீழே மடியாமல் விறைத்து நிற்கும். குழந்தை தலையைக் குனிக்கும்போது அது வாயில் இடிக்கும், அதையே சப்பத் தொடங்கும். மைக்ரோஃபைபரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உறிஞ்சும் வேகம் அதிகம்தான், ஆனால் தோளில் சாய்த்துத் தட்டும்போது அமுங்கினால் உறிஞ்சியதைத் திரும்பக் கக்கிவிடும். மூங்கில் விஸ்கோஸ் நிறையப் பிடிக்கும், ஆனால் நனைந்த நிலையில் அதன் நார் பலவீனமாகும், காயவும் நேரம் பிடிக்கும்.

பின்னடுக்கு தடுப்பு. இதற்கு இரண்டு துணிகள் இருக்கின்றன. ஒன்று பி.யு.எல்., அதாவது பாலியஸ்டர் பின்னல் துணியின் ஒரு பக்கம் மெல்லிய பாலியுரித்தேன் படலம் ஒட்டியது. நீர் ஊடுருவாது. மற்றொன்று பாலியஸ்டர் ஃபிளீஸ், கம்பளிபோன்ற மென்துணி. இது நீரை உறிஞ்சாது, ஆனால் அழுத்தினால் வழிவிடும். லேசாக ஜொள்ளு விடும் குழந்தைக்கும் வியர்வை அதிகமுள்ள குழந்தைக்கும் ஃபிளீஸ் நல்லது, காற்றும் ஆவியும் தாராளமாகப் போகும். சட்டை தொப்பலாக நனைகிற அளவுக்கு ஒழுகினால் பி.யு.எல். தான். வினைல் (பி.வி.சி. பிளாஸ்டிக்) வேண்டாம். விறைப்பாக இருக்கும், மடிப்பில் வெடிக்கும், மென்மையாக்க அதில் சேர்க்கும் தாலேட்டுகளும் கவலைக்குரியவை. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பராமரிப்புப் பொருட்களில் சில தாலேட்டுகளை 0.1 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை.

நீர் ஒட்டாத ஸ்ப்ரே அடித்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. குழந்தை வாயில் வைத்துச் சப்பும் துணி அது.

கேள்வி: நானே தைத்த பிப்பின் கழுத்து எப்போதும் பெரிதாகிவிடுகிறது. அளந்துதான் வெட்டுகிறேன். எங்கே தவறு?

தையலுக்கு விடும் துணியில்தான் தவறு. சட்டை உடலில் தையல் உள்ளே போனால் ஆடை சிறியதாகும். கழுத்து வட்டத்தில் நேர் எதிர், தையல் உள்ளே போகப் போக ஓட்டை பெரிதாகும். 7 மி.மீ. தள்ளித் தைத்தால் கழுத்துச் சுற்றளவு ஏறக்குறைய 4.4 செ.மீ. கூடிவிடும். இரண்டு விரல் நுழைய வேண்டிய இடத்தில் கை நுழையும்.

கணக்கு இப்படி. குழந்தையின் கழுத்துச் சுற்றளவு 24 செ.மீ. என்று வையுங்கள். அதோடு தளர்வுக்கு 4 சேர்த்தால் 28. இந்தச் சுற்றளவுக்கு 9 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வேண்டும். ஆனால் இரு பக்கமும் தையலுக்கான 7 மி.மீ. போக, பேட்டர்னில் வெட்ட வேண்டியது 7.6 செ.மீ. விட்டம்தான். தைத்துத் திருப்பினால் 9 ஆகிவிடும். குழந்தை வளரும் என்று நினைத்து வட்டத்தைப் பெரிதாக்காதீர்கள். பின்பட்டிகளை நீளமாக விட்டு, 2.5 செ.மீ. இடைவெளியில் இரண்டாவது பட்டன் வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓரம் ஒழுகாமல் பி.யு.எல். பிப் தைப்பது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

6 முதல் 12 மாதக் குழந்தைக்கு அகலம் 21 செ.மீ., கழுத்தின் அடியிலிருந்து கீழ்நீளம் 18 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம்.

வெட்டுவதற்கு முன் பருத்தித் துணியையும் டர்க்கியையும் ஒருமுறை வெந்நீரில் துவைத்து நன்றாகக் காயவையுங்கள். டர்க்கி நன்றாகவே சுருங்கும், பி.யு.எல். சுருங்காது. இதைத் தவறவிட்டால் மூன்றாவது சலவையில் பிப் கிண்ணம்போலக் குவியும்.

பி.யு.எல்.-ஐ முழு அளவில் வெட்டுங்கள். முன்துணியையும் டர்க்கியையும் வெளி விளிம்பில் மட்டும் 3 மி.மீ. சிறிதாக வெட்டுங்கள், கழுத்து விளிம்பு மூன்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும். இந்த 3 மி.மீ.தான் பிப்பின் உயிர். திருப்பிய பிறகு பின்துணி முன்பக்கம் எட்டிப்பார்க்கும், பருத்தி பின்னால் போகவே போகாது.

டர்க்கியை முன்துணியின் உள்பக்கத்தில் வைத்து அந்த இரண்டை மட்டும் நடுவில் இரண்டு கோடுகளாகத் தைத்துவிடுங்கள். துவைக்கும்போது டர்க்கி உள்ளே சுருண்டு கீழே இறங்காது, பி.யு.எல்.-இலும் துளை விழாது.

அடுத்து அடுக்குங்கள். டர்க்கி அடியில், முன்துணியின் நல்ல பக்கம் மேலே பார்க்க, அதன் மேல் பி.யு.எல். துணிப்பக்கம் கீழே, பளபளக்கும் படலம் மேலே. ஓரங்களை இழுத்துச் சமப்படுத்தி கிளிப் போடுங்கள். குண்டூசி வேண்டாம், குத்திய துளை மூடாது. வேறு வழியில்லை என்றால் தையலுக்கு விட்ட ஓரத்துக்குள் மட்டும் குத்துங்கள்.

நூல் கட்டாயம் பாலியஸ்டர். பருத்தி நூல் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு திரியாக உட்காரும். ஊசி 11-ஆம் நம்பர், முனை மழுங்கிய பால்பாயின்ட் வகை. தையல் நீளம் 3 மி.மீ. நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைப்போம். இந்தப் படலத்தில் நெருக்கமான துளைகள் தபால்தலை ஓரம்போல ஆகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். படலம் மெஷின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் மேலே ஒரு டிஷ்யூ தாளை வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுங்கள்.

கீழ்ப்பக்கத்தில் நேரான இடத்தில் 7 செ.மீ. திறப்பு விட்டு, 7 மி.மீ. உள்ளே சுற்றித் தையுங்கள். ஓரத்தில் உள்ள டர்க்கியை மட்டும் தையலை ஒட்டி வெட்டியெடுங்கள். கழுத்து வளைவில் 1 செ.மீ.க்கு ஒரு சிறு வெட்டு, தையலுக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். திருப்பி, விளிம்பை விரலால் உருட்டிப் படியவையுங்கள். அயர்ன் பாக்ஸ் படலத்தை நேரடியாகத் தொடவே கூடாது, உருகி ஒட்டும். முன்பக்கம் மேலிருக்க, இடையில் பருத்தித் துணி போட்டு மிதமான சூட்டில் அழுத்தினால் போதும்.

திறப்பைக் கையால் மறைதையல் போட்டு மூடுங்கள். சுற்றிலும் மேல்தையல் போட்டால் கடைப் பொருள்போல இருக்கும்தான், ஆனால் ஒவ்வொரு தையலும் ஒரு துளை. போட்டே ஆக வேண்டும் என்றால் கழுத்து வளைவில் மட்டும் போடுங்கள், அங்கே படிமானம் தேவை. பிறகு டிரையரில் ஒருமுறை சூடாக ஓடவிட்டால் துளைகள் ஓரளவு இறுகும்.

கேள்வி: வெல்க்ரோவா, பட்டனா, முடிச்சுக் கயிறா?

கயிறு வேண்டாம். 7 வயதுக்குட்பட்டவர்களின் ஆடையில் தலை, கழுத்துப் பகுதியில் கயிறே கூடாது என்கிறது ஐரோப்பியத் தரம் ஈ.என். 14682. பிப் அந்தத் தரத்தின் வரம்புக்குள் வராது, ஆனாலும் ஆபத்து ஒன்றுதான். எங்காவது மாட்டினால் முடிச்சு அவிழாது, இறுகும்.

வெல்க்ரோ போடுவது சுலபம். கெடுதலும் சுலபம். கொக்கிப்பக்கம் பஞ்சை அள்ளிக்கொள்ளும், சலவையில் மற்ற துணியைப் பிய்க்கும், மூலை உயர்ந்தால் பிடரியைக் கீறும். 10 மாதக் குழந்தை அந்தச் சத்தத்துக்காகவே பிடித்து இழுக்கும். வெல்க்ரோதான் வேண்டுமென்றால் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கொக்கிப்பக்கம் தோலைப் பார்க்காமல் வெளியே பார்க்கட்டும்.

எங்கள் தேர்வு பிளாஸ்டிக் டிச் பட்டன் (அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பட்டன்), 20-ஆம் சைஸ், தலை ஏறக்குறைய 12 மி.மீ. நன்றாக இழுத்தால் பட்டன் திறந்துகொள்ள வேண்டும், ஆனால் துணியிலிருந்து பிய்ந்து வரக் கூடாது. இரண்டும் வேறு வேறு. பிய்ந்து வருவதற்குப் பெரும்பாலும் பட்டன் காரணமல்ல. இழுபடும் துணியில் ஆதாரமில்லாமல் அடித்திருப்பார்கள். பட்டன் வரும் இடத்தில் அடுக்குகளுக்கு நடுவே 2.5 செ.மீ. சதுரத்தில் கெட்டியான பருத்தித் துண்டு வையுங்கள். இடுக்கியால் அழுத்திய பிறகு நடுமுள் காளான்போல எல்லாப் பக்கமும் சமமாகப் பரந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வெட்டியெடுத்துப் புதிதாக அடியுங்கள்.

பட்டன் மார்பிலோ தோளின் முன்புறமோ வேண்டாம். பிடரியின் நடுவிலும் வேண்டாம், சாய்ந்து உட்காரும்போது அழுத்தும். கழுத்தின் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் வரட்டும்.

கேள்வி: 4 மாதப் பெண் குழந்தை. பிப் போட்டும் கழுத்து மடிப்பில் சிவந்து புண்ணாகிறது. பிப்தான் காரணமா?

பிப் காரணமாக இருக்கலாம். நனைந்த பிப் தோலோடு ஒட்டிய ஈரக்கட்டுதான். சுமார் 3 மாதத்திலிருந்து உமிழ்நீர் அதிகம் சுரக்கும். அதை விழுங்கவும் உதட்டை மூடிவைக்கவும் குழந்தைக்கு இன்னும் பழகவில்லை. பல் முளைப்பது மட்டுமே காரணமல்ல. ஈரமும் உரசலும் சேர்ந்தால் தோலின் மேற்பரப்பு ஊறிப் பலவீனமாகும்.

மாற்ற வேண்டிய நேரத்தை அறிய, இரண்டு விரலை பிப்பின் மேல்பகுதியில் வைத்து அழுத்தி மூன்று எண்ணுங்கள். விரல் ஈரமானால் மாற்றுங்கள். கீழ்ப்பகுதி காய்ந்திருக்கிறதே என்று விடக் கூடாது, தோலைத் தொடுவது மேல்பகுதிதான். மடிப்பைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் மீண்டும் ஒற்றி, கொஞ்ச நேரம் பிப் இல்லாமல் காற்றாட விடுங்கள். தேய்க்காதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகு முகவாயிலும் கன்னத்திலும் பெட்ரோலியம் ஜெல்லி மெல்லியதாகத் தடவலாம். ஈரத்தின் மேல் தடவினால் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

சிவப்புத் திட்டைச் சுற்றித் தனித்தனிப் பொட்டுகள் தெரிந்தாலும், மஞ்சளாகப் பொருக்குத் தட்டினாலும், நீர் கசிந்தாலும், நாற்றம் வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சையோ பாக்டீரியாவோ சேர்ந்திருந்தால் துணியை மாற்றுவதால் மட்டும் சரியாகாது.

ஒரு வார்த்தை தைப்பவர்களுக்கு. ஈரம் தெரியாத அடர் பூப்போட்ட துணியைப் பலரும் விரும்புகிறார்கள். புண்ணாகும் தோலுள்ள குழந்தைக்கு நனைந்தால் நிறம் மாறிக் காட்டும் வெளிர் சாம்பல் துணிதான் நல்லது. பார்க்கிறவருக்கு ஈரம் தெரிய வேண்டும்.

கேள்வி: தூங்கும்போது பிப் இருக்கலாமா?

கூடாது. காரில் குழந்தை இருக்கையில் வைத்துப் போகும்போதும் கழற்றிவிடுங்கள். தூக்கத்தில் அது மேலேறி மூக்கையும் வாயையும் மூடலாம். தூக்கத்தில் ஜொள்ளு ஒழுகினால் சட்டையை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: சாப்பிடும்போது போடும் பை வைத்த பிப் தைக்கிறேன். பை தட்டையாக ஒட்டிக்கொள்கிறது, எதுவும் விழுவதில்லை.

பையின் மேல்விளிம்பும் பிப்பும் ஒரே அகலத்தில் இருப்பதால்தான். பையின் மேல்விளிம்பை பிப்பைவிட 3 செ.மீ. அகலமாக வெட்டி, பக்கத் தையலில் அந்த உபரியைப் பொருத்துங்கள். விளிம்பு தானாக வாய்பிளந்து நிற்கும். விளிம்புக்குள் கெட்டியான பட்டி ஒன்றும் வைக்கலாம். ஆழம் 5 செ.மீ. போதும். அதற்கு மேல் ஆழமானால் மூலையில் சோறு தங்கி, காயாமல் பூஞ்சை பிடிக்கும். மூலைகளை வளைவாக வெட்டுங்கள், சலவைக்கு முன் பையை வெளிப்புறமாகத் திருப்பிக் கழுவுங்கள்.

சிலிகான் பிப் இந்த வேலைக்கு மிக நல்லது, ஜொள்ளுக்கு உதவாது. அது எதையும் உறிஞ்சாது, வழிந்தது வழிந்தபடியே ஓரத்தில் இறங்கும்.

தானே அள்ளிச் சாப்பிடும் வயதில் முழங்கை வரை பூசிக்கொள்வார்கள். அப்போது முதுகில் திறக்கும் கைவைத்த பிப் தையுங்கள். ராக்லன் கை (கழுத்து வரை ஒரே துண்டாக வரும் கை) வெட்டினால் கை அசைவு தாராளமாக இருக்கும். மணிக்கட்டில் 6 மி.மீ. எலாஸ்டிக், மணிக்கட்டு அளவைவிட 2 செ.மீ. கூடுதலாக. தோலில் தடம் விழுந்தால் இறுக்கம்.

கேள்வி: பிப்பே இல்லாமல், சட்டையிலேயே தடுப்பு வைத்துத் தைக்க முடியாதா?

முடியும், ஆனால் கவனமாகத் தைக்க வேண்டும். பலர் நெஞ்சின் உள்பக்கத்தில் பி.யு.எல். துண்டை நான்கு பக்கமும் தைத்துவிடுகிறார்கள். தையல் துளை வழியே ஒழுகும், அந்த இடம் காயவும் காயாது.

முன்பக்கத்தை இரட்டையாகத் தையுங்கள். நடுவில் 12 செ.மீ. அகலமும் 13 செ.மீ. நீளமும் உள்ள துண்டு, உறிஞ்சும் துணி வெளிப்பக்கம், பி.யு.எல். உடல்பக்கம். அதைக் கழுத்துத் தையலிலும் தோள் தையலிலும் மட்டும் பிடித்து, கீழே தொங்கவிடுங்கள். ஓட்டை குறையும், காற்றுப் புகுந்து காயும். நெஞ்சைத் தாண்டிப் பக்கங்களுக்கும் முதுகுக்கும் கொண்டுபோக வேண்டாம், வெப்பம் தங்கும்.

இதிலும் கழுத்துப் பட்டிதான் பலவீனம். ஜொள்ளு முதலில் விழுவது அந்தப் பருத்தி ரிப் (வரிவரியாக இழுபடும் பின்னல் துணி) மேல். அது ஈரத்தைச் சுற்றிவர இழுத்து உள்பக்கம் இறக்கும். அதனால் ஒழுகல் அதிகமுள்ள குழந்தைக்கு இந்தச் சட்டையும் போதாது, பட்டியை முழுக்க மூடும் பிப் வேண்டும். மிதமாக ஒழுகும் குழந்தைக்கு நன்றாக உதவும்.

கழுத்தை, தோளில் முன்னும் பின்னும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவரும் உறை வடிவத்தில் வெட்டுங்கள். கக்கி நனைந்த சட்டையைத் தலைவழியே இழுத்து முகத்தில் பூசாமல், தோளை விரித்துக் கால்வழியே கழற்றலாம்.

கேள்வி: புதிதில் நன்றாக உறிஞ்சிய பிப் இப்போது தண்ணீரை முத்து முத்தாக நிறுத்துகிறது. பழைய பால் கறையும் போகவில்லை.

துணி மென்மையாக்கும் திரவம் போடுகிறீர்கள் என்று நினைக்கிறோம். அது நாரின் மேல் மெழுகுபோலப் படியும். நிறுத்திவிட்டு, சோப்புத்தூள் மட்டும் போட்டு 60 டிகிரியில் இரண்டு முறை துவைத்து நன்றாக அலசுங்கள். வழக்கமான சலவைக்கு 40 டிகிரி போதும். குளோரின் பிளீச் வேண்டாம், படலம் நொறுங்கி உரியும்.

பால் கறையைக் குளிர்ந்த தண்ணீரில் முதலில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் புரதம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு என்சைம் உள்ள சோப்பில் ஊறவையுங்கள். காரட், தக்காளி ஆரஞ்சு நிறம் சோப்புக்கு மசியாது. துவைத்த ஈரத்தோடு கறைப்பக்கம் மேலே பார்க்க நேர் வெயிலில் போடுங்கள், அந்த நிறமி வெளிச்சத்தில் சிதையும்.

பி.யு.எல். பிப் ஒரு பக்கமாகத்தான் காயும். அதனால் முன்பக்கம் காற்றைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். நனைந்ததைச் சுருட்டிப் பைக்குள் இரவு முழுக்க வைத்தால் கரும்புள்ளி வரும், அது போகவே போகாது.

கேள்வி: தைத்து விற்க நினைக்கிறேன். எதைச் சோதிக்க வேண்டும்?

உங்கள் நாட்டு விதிகளை முதலில் படியுங்கள். எந்த நாட்டிலும் உதவும் மூன்று சோதனைகள் இவை.

பட்டன்: பொம்மைகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 71-1, 6 மி.மீ.க்கு மேற்பட்ட பாகத்தை 90 நியூட்டன் விசையில் இழுக்கச் சொல்கிறது. ஏறக்குறைய 9 கிலோ எடையின் இழுப்பு. பெட்டி எடைபோடும் தொங்குதராசு போதும். 20 சலவைக்குப் பிறகும் இழுத்துப் பாருங்கள், புதிதில் நிற்பது பெரிய விஷயமல்ல.

அலங்காரம்: ஒட்டிய பொம்மையோ மணியோ கழன்றால் 31.7 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்குமா? அமெரிக்கச் சிறுபாகச் சோதனை உருளையின் அளவு அது. அடங்கினால் 3 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூச்சடைக்கும் ஆபத்து. விட்டுவிடுங்கள்.

சாயம்: நனைத்த வெள்ளைத் துணியை பிப்பின் மேல் வைத்து, எடை வைத்து இரவு முழுக்க விடுங்கள். நிறம் ஏறினால் குழந்தையின் வாயிலும் ஏறும். துணி வாங்கும்போது துணியில் தீங்கான வேதிப்பொருட்கள் உண்டா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முதல் வகுப்புச் சான்று கேளுங்கள். 36 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கானது அது. சாயம் உமிழ்நீரில் கரையாமல் நிற்கிறதா என்பதும் அதில் சோதிக்கப்படுகிறது. சான்று துணிக்கு மட்டும் இருந்தால் போதாது. நூல், பட்டன், அச்சு மை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.